நூற்றுப் பதினெட்டாம் எண்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
11.1.1998

அன்புள்ள அக்காவுக்கு,

பூசணி எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முணுமுணுக்கிறது. நீ, அத்தான், பிள்ளைகள், மற்ற எல்லோரும் குளிருக்கு ஈடுகொடுத்து நலமாக இருக்கிறீர்களா?

இரண்டு செய்தி. ரிங்கிட் விழுந்த வேகத்தில் எங்கள் கப்பல் கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்தப் பாதியில் நானும் ஒருத்தி. இரண்டாவது, பத்தே நாளில் வேறு வேலை கிடைத்துவிட்டது. யோகநாதன் அங்கிளை உனக்கு நினைவிருக்கும். கோயில் கமிட்டியில் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு ஆஸ்திரேலியா போனாரே, அவர்தான். திரும்பி வந்து துன் சம்பந்தன் சாலையில் ஒரு துணிக்கடைக்கு மாடியில் நாலு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கிறார். பெயர் ‘கங்கணம்’. இன்டர்நெட்டில் கல்யாணம் பேசுவது. ஆமாம், சிரிக்காதே.

நம் ஆட்கள் பெண்ணின் பெயரையும் படத்தையும் வெளியே போட விடுவார்களா? அதனால் எண்தான். வயது, நட்சத்திரம், படிப்பு, ஒரு எண். பார்ப்பதற்குக் காசில்லை. எழுத வேண்டுமென்றால் மாப்பிள்ளை மாதச் சந்தா கட்ட வேண்டும். பெண் வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? வருகிற கடிதத்தை நான் அச்செடுத்துக் கிள்ளானுக்கும் காஜாங்குக்கும் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் சொல்லும் பதிலை ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டி அனுப்புகிறேன். அப்பாவைச் சேர்மன் ஆக்கி அவர் படத்தை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அரசாங்க உத்தியோகத்தில் முப்பது வருடம் இருந்த முகம் என்றால் ஜாதகக் குறிப்பைத் தயங்காமல் கொடுக்கிறார்களாம்.

முப்பது வயதில் கல்யாணமாகாதவள் கல்யாண ஆபீசில் வேலை செய்வது வெளியே தெரிந்தால் நன்றாக இருக்காது என்று அப்பா கோயிலில் எல்லாரிடமும் ‘கம்ப்யூட்டர் கம்பெனி’ என்று சொல்லி வைத்திருக்கிறார். நீயும் அங்கே அப்படியே சொல். முக்கியமாக உன் வீட்டில்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் தங்கச்சி,
குணபூசணி


ஸ்காபரோ,
டொரொண்டோ,
15.2.1998

அன்புத் தங்கச்சி பூசணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் இருக்கிறோம். சின்னவளுக்கு இருமல் விட்டபாடில்லை. பனி ஜன்னல் விளிம்புவரை ஏறிக் கிடக்கிறது. அப்பாவின் முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தடவச் சொல். அலமாரியில் அழகு பார்க்க அனுப்பவில்லை.

‘மற்ற எல்லோரும்’ என்று எழுதியிருந்தாய். மற்றவர் என்று இங்கே இருப்பது அத்தானின் தம்பி மூர்த்தி ஒருவர்தான். பெயரை எழுதினால் பேனா உடையாது. அவருக்குத் தொழிற்சாலை வேலை போய் ஐந்து மாதம். விசா பத்திரம் கிடைத்தபிறகு வேலை போயிற்று, விதியைப் பார். இரண்டு அறை வீட்டில் முன் அறை அவருக்கு. நாள் முழுவதும் ஜன்னல் திரையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேச்சில்லை. போன கிழமை சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். பிள்ளைகள் அன்றிலிருந்து கழிவறைக்குப் போகவும் என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். அத்தானிடம் சொன்னால், “அவன் ஊரிலை பட்டதுக்கு இது பரவாயில்லை” என்கிறார். வேறு வீடு பார்க்கவும் வசதியில்லை, அவரைப் போகச் சொல்லவும் வாயில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லாதே.

உன் கங்கணம் பற்றி ஒன்று கேட்க வேண்டும். ஆண்களுக்கும் எண் மட்டும்தானா, பெயர் யாருக்கும் தெரியாதா? சந்தாவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாமா? தெரிந்த ஒருவருக்காகக் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா,
சந்திரகலா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
19.4.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். தைலம் இப்போது தினமும் தடவப்படுகிறது. சின்னவளின் இருமல் எப்படி? இங்கே தண்ணீர் இல்லை. அணை வற்றி, ஒன்றுவிட்டு ஒரு நாள் லோரியில் வருகிறது. சேர்மன் ஐயா துண்டோடு வாளி பிடித்து வரிசையில் நிற்கிறார்.

உன் ‘தெரிந்த ஒருவர்’ தாராளமாகச் சேரலாம். ஆண்களின் பெயர்கள் அங்கிளின் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. எனக்கே எண்தான் தெரியும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அங்கிளுக்குத் தூக்கம் கெடுவதே அதனால்தான். சுவரில் சந்தாக் கணக்குக்கு ஒரு கோடு வரைந்து வைத்திருக்கிறார். பெண்ணிடமிருந்து மூன்று வாரம் பதில் வரவில்லையென்றால் ஆள் சந்தாவை நிறுத்திவிடுகிறானாம். கல்யாணம் நிச்சயமானாலும் நிறுத்திவிடுகிறான். ஒரு ஜோடி சேர்ந்த அன்று நான் லட்டு வாங்கி வந்தேன். அங்கிள் லட்டைத் தின்றுகொண்டே சொன்னார்:

“பூசணி, கல்யாணம் நடந்தா நமக்கு நல்ல பேரு, ஆனா ஒரு கஸ்டமர் குறைஞ்சான். நமக்குச் சோறு போடுறவன் இன்னும் தேடிக்கிட்டு இருக்கிறவன் லா.”

ஆகவே எந்தப் பெண்ணும் மௌனமாக இருக்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். நம் ஆட்களுக்கு வேண்டாம் என்று நேரே சொல்லவும் வராது. பேசாமல் இருந்துவிடுவார்கள், மிஞ்சிப் போனால் குறிப்புப் பொருந்தவில்லை என்பார்கள். அப்படிப் பேசாமல் இருக்கும் வீடுகளுக்காக நான் ஒன்றிரண்டு வரி மரியாதைக்கு எழுதிப் போடுகிறேன். மழை பெய்தது, கோயிலுக்குப் போனேன், இப்படி. எதிர்பார்த்திருக்கிறவர் மனம் நோகாமல் இருக்கட்டுமே. அதில் தப்பில்லையே அக்கா?

அங்கே எல்லோரையும் கேட்டதாகச் சொல். பெயர் எழுதினால் பேனா உடையாதுதான். மூர்த்தியையும் கேட்டதாகச் சொல். வேண்டாம், சொல்லாதே.

உன்,
பூசணி


ஸ்காபரோ,
24.5.1998

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். உங்கள் நலமும் தண்ணீரும் அறிய ஆவல். சின்னவளின் இருமல் போய்விட்டது.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தத் தெரிந்த ஒருவர் மூர்த்திதான். உன் பதிலுக்குக் காத்திராமல் பிப்ரவரி கடைசியில் நான்தான் சேர்த்துவிட்டேன். நீ அங்கே வேலை செய்வது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். நாலு வருடத்துக்கு முன் இந்த வீட்டிலிருந்து அவருக்காக உன்னைக் கேட்டதும், குறிப்புப் பொருந்தவில்லை என்று அப்பா எழுதியதும் உனக்கு மறந்திருக்காது.

ஆனால் பூசணி, மனிதர் மாறிவிட்டார். திரையைத் திறந்து வைக்கிறார். முகம் மழிக்கிறார். ஒரு ரொட்டிக் கடையில் மூன்று வாரமாக வேலைக்குப் போகிறார். பிள்ளைகளை நூலகத்துக்குக் கூட்டிப் போய், அங்குள்ள கம்ப்யூட்டரில் தன் கடிதத்தையும் பார்த்து வருகிறார். எழுதுகிறவள் கிள்ளானில் ஒரு ஆசிரியையாம். நூற்றுப் பதினெட்டாம் எண், ரோகிணி நட்சத்திரம்.

நேற்று எனக்கும் கொஞ்சம் வாசித்துக் காட்டினார். அந்தப் பெண் சின்னவளாக இருந்தபோது ரயில்வே குடியிருப்பில் இருந்தார்களாம். கிள்ளான் ரயில் போகும்போது அவளும் அக்காவும் ஆளுக்கொரு ஜன்னலைச் சொல்லி, அதில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் தன் மாப்பிள்ளை என்று பந்தயம் பிடிப்பார்களாம். ஒருநாள் அக்காவுக்குக் கோழிக் கூடையோடு ஒரு சீனக் கிழவர் வாய்த்தாராம். மூர்த்தி அந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்கு அடுப்பில் வேலை இருந்தது. போய்விட்டேன்.

அந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா? நல்லவளா? சீக்கிரம் எழுது.

அன்பு அக்கா,
சந்திரகலா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
2.8.1998

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே நாங்கள் சுகம். புதிய பெரிய ரயில் நிலையத்துக்காகத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் காமன்வெல்த் விளையாட்டு என்பதால் தோண்டிய இடத்தைச் சுற்றிப் பூச்சட்டி வைக்கிறார்கள். அப்பாவுக்கு இரத்தத்தில் இனிப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

நீ கேட்ட பெண் நல்லவள்தான். ஆனால் வீட்டார் எப்படி என்று சொல்ல முடியாது. அவரை அதிகம் எதிர்பார்க்க வேண்டாமென்று நீ பக்குவமாகச் சொல்லி வை. வேறு எண்களையும் பார்க்கச் சொல்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

பூசணி


ஸ்காபரோ,
23.8.1998

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். அப்பாவைச் சோற்றைக் குறைக்கச் சொல்.

பத்து வாரம் கழித்து நீ எழுதியது பத்து வரி. அதில் பூச்சட்டிக்கு ஒரு வரி. அவரிடம் எதைப் பக்குவமாகச் சொல்வது? டிசம்பரில் மலேசியா வருவதற்கு ரொட்டிக் கடையில் லீவு கேட்டு வைத்திருக்கிறார். போன கிழமை என்னிடம் வந்து நின்றார். “அண்ணி, நான் ஒருக்கா நேரிலை போய்ப் பாத்திட்டு வரட்டே? கடிதத்திலை எல்லாம் சொல்லேலாமல் கிடக்கு” என்றார். என்னிடம் அனுமதி கேட்கிற ஆளா அவர்?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவின் பதில் வந்த வருடம் அவர் உன் குறிப்பையும் தன் குறிப்பையும் மூன்று சாஸ்திரிகளிடம் கொண்டுபோய்க் காட்டினார். மூன்று பேரும் நன்றாகப் பொருந்துகிறது என்றார்கள். அன்று அவருக்கு இங்கே இருக்கப் பத்திரம் இல்லை, அதுதான் காரணம் என்று நேரே எழுதியிருந்தால் பொறுத்திருப்பார். ஏமாற்றியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதன்பிறகுதான் பேச்சு நின்றது.

இதுவும் இல்லையென்று ஆனால் அவரை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் நானும் பிள்ளைகளும் என்ன செய்வோமென்று எனக்குத் தெரியவில்லை. வெளியே பனி கொட்டத் தொடங்கினால் எங்களுக்குப் போக இடமில்லை.

உண்மையை எழுது. பூச்சட்டி வேண்டாம்.

அன்பு அக்கா,
சந்திரகலா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
20.9.1998

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

ஆசிரியை இருந்தாள். பெயர் புஷ்பவல்லி. மூர்த்திக்கு முதல் இரண்டு கடிதம் அவள் சொல்லி நான் தட்டியது. மார்ச்சில் அவளுக்கு ஷா ஆலமில் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் ஆகிவிட்டது. எண்ணை எடுத்துவிடலாமா என்று அங்கிளிடம் கேட்டேன். நூற்றுப் பதினெட்டுக்கு ஆறு பேர் எழுதுகிறார்கள், இப்போது வேண்டாம் என்றார். மூன்றாவது கடிதத்திலிருந்து நான்தான். மற்ற ஐந்து பேருக்கும் மழையும் கோயிலும் எழுதினேன். டொரொண்டோ ஆளுக்கு மட்டும் நம் ரயில் ஜன்னலை எழுதிவிட்டேன். அவர் கேட்கும் விதம் அப்படி. என்ன படித்தாய் என்று கேட்கவில்லை. எதற்குச் சிரிப்பாய் என்று கேட்டார்.

உன் மே மாதக் கடிதத்தில்தான் அந்த ஆள் மூர்த்தி என்று தெரிந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு பதினோரு கடிதம் எழுதினேன் அக்கா. அவர் யாரென்று தெரிந்தே எழுதினேன். அது சம்பளத்துக்குச் செய்த வேலை இல்லை. அன்று அப்பா வேண்டாம் என்றபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இன்று யாராவது கேட்க மாட்டார்களா என்றிருக்கிறது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். “அன்னைக்கு நான் எழுதினது பொய்னு நானே எழுதிக் கொடுக்கணுமா? என் மூஞ்சிய நம்பி முந்நூறு வீட்டுக் குறிப்பு அங்க கிடக்கும்மா” என்றார்.

அங்கிளிடம் வேலையை விடுகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. “போறதுன்னா போ லா. மார்க்கிரட்டுக்கு நூற்றுப் பதினெட்டோட பழைய கடுதாசி எல்லாம் அச்செடுத்துக் கொடுத்திட்டுப் போ” என்றார். மார்க்கிரட் புதிதாகச் சேர்ந்த பெண். நான் எழுதுவது போலவே எழுத ஒரு வாரமாகப் பழகுகிறாள், நன்றாகவே வருகிறது. நான் போனாலும் அவருக்குக் கடிதம் நிற்காது. நம் ரயில் ஜன்னலை வேறொருத்தி எழுதுவாள். அதை நினைத்தால் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட வரவில்லை.

ஆகவே உன்னைக் கேட்கிறேன். அவருக்கு உன் வீட்டு முகவரிக்கே என் பெயரில், என் கையெழுத்தில் உண்மையை எழுதிவிடட்டுமா? அவர் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. நீ சரி என்றால் அன்றே தபாலில் சேர்க்கிறேன்.

உன்,
குணபூசணி


ஸ்காபரோ,
11.10.1998

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். இலை உதிரத் தொடங்கிவிட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாய். கோழிக் கூடைக் கிழவர் என் மாப்பிள்ளையடி. கேட்ட அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியில் போய் நின்று அழுதேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து பரிமாறினேன். ஐந்து மாதமாகத் தெரிந்துதான் இருக்கிறேன். உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் நீ நிறுத்திவிடுவாய்.

எழுதாதே. உண்மையை எழுதாதே. நீ என்று தெரிந்தால் அவர் மகிழ்ந்து மாலையோடு வருவார் என்று உனக்குள் ஓர் ஆசை இருக்கிறது, இல்லையென்று சொல்லாதே. எனக்கும் ஒரு நாள் இருந்தது. ஆனால் அவருக்குத் தெரியப் போவது என்ன? முதல் தடவை குறிப்பைச் சொல்லி ஏமாற்றிய வீடு, இரண்டாம் தடவை காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றியது என்பதுதான். நீ அங்கே இருப்பாய். கோப்பை பறக்கும்போது நான்தான் இங்கே இருப்பேன். பெரியவன் இப்போது தனியாகத் தூங்குகிறான் பூசணி. உனக்குப் பிள்ளை இருந்தால் அந்த ஒரு வரிக்கு என்ன விலை என்று தெரியும். இப்படி எழுதுவதற்கு என்னை மன்னித்துவிடு.

டிசம்பரில் வர வேண்டாம், அம்மாவுக்குச் சத்திர சிகிச்சை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று எழுது. பிறகு அடுத்த வருடத்தைப் பார்ப்போம்.

பயணத்துக்குச் சேர்க்க வேண்டுமென்று அவர் சந்தாவை நிறுத்தப் பார்த்தார். நான் மாலையில் வங்கியைக் கூட்டித் துடைக்கிற சம்பளத்தில் என் கார்டிலேயே ஒரு வருடத்துக்குக் கட்டிவிட்டேன். என் பிறந்தநாள் பரிசு என்று சொன்னேன். ஆகவே மார்க்கிரட்டிடம் விடாதே. நீயே எழுது.

அன்பு அக்கா,
சந்திரகலா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
6.12.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவுக்கு இனிப்பு இறங்கியிருக்கிறது. குழாயில் தினமும் தண்ணீர் வருகிறது. நீ, அத்தான், மூர்த்தி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ சொன்னபடி எழுதிவிட்டேன். அம்மாவுக்குச் சத்திர சிகிச்சை, டிசம்பரில் வர வேண்டாம் என்று எழுதினேன். இல்லாத ஒரு அம்மாவுக்கு எந்த ஆஸ்பத்திரி என்றுகூட யோசித்து வைத்தேன். அவர் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது. நீ பார்த்திருக்க மாட்டாய். இதை அவர் உனக்கு வாசித்துக் காட்டியிருக்க மாட்டார். அப்படியே எழுதுகிறேன்:

“அம்மாவைக் கவனமாகப் பாருங்கள், என்னை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். எனக்குக் காத்திருக்கத் தெரியும். மலேசியாவில் ஒரு வீட்டார் முன்பு எனக்குப் பொய் சொன்னார்கள். அதனால் யாரையும் நம்புவதில்லை என்றிருந்தேன். நீங்கள் வராதே என்பதையும் காரணத்தோடு நேரே சொல்கிறீர்கள். அது எனக்குப் போதும். எத்தனை வருடமானாலும் உண்மையை மட்டும் எழுதுங்கள்.”

இதற்கு நான் பதில் போடாமல் இன்றோடு மூன்றாவது வாரம் முடிகிறது. அங்கிள் காலையிலேயே நினைவூட்டிவிட்டார். எதிரே கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சந்தா கட்டியவள் நீ. என்ன எழுத வேண்டுமென்று நீயே சொல் அக்கா.

உன் தங்கச்சி,
குணபூசணி